கடல் கடக்கும் சிறு கலம்

பெருங்கடலைக் கடத்தற்குப் பெரிய கலமே வேண்டும் என்பது கரையில் நிற்போர் கொள்ளும் முதல் எண்ணம். விரைந்து செல்லும் கலமே நல்ல கலம் என்பது அவர் கொள்ளும் இரண்டாம் எண்ணம். இவ்விரண்டும் முழுப் பொய்யல்ல. ஆயினும், இவற்றை மட்டும் துணையாகக் கொண்டு கலம் தேடியவர் சிலர் நடுக்கடலில் பெருந்துன்பம் எய்தினர். ஒருவரோ இருவரோ ஏறிச் செல்லத்தக்க சிறு பாய்க்கலம் ஒன்றைப் பெருங்கடற் பயணத்திற்கெனத் தெரிந்தெடுப்பவர் முதற்கண் கேட்க வேண்டிய வினா வேறொன்று உண்டு. செலுத்துவோன் களைத்து உறங்கும்போதும், நோயுற்றுக் கிடக்கும்போதும், புயலின் முன் கை ஓய்ந்து அமர்ந்தபோதும், இக்கலம் தானே என்ன செய்யும்? இதுவே அவ்வினா. நல்ல நாளில் எல்லாக் கலமும் நல்ல கலமே. தீய நாளில் அது காட்டும் குணமே அதன் உண்மைக் குணம். இதனை என் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

தமிழிலக்கியம் பயிலும் மாணவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவினர். அதற்கு விடை கூறுதல் என் கடன். யான் பிறந்தது குமரி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில். 2017ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ஒக்கி என்னும் புயல் எம் கடலில் வீசியபோது யான் பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுவன். என் தாய்மாமன் நால்வராய்ச் சென்ற வள்ளம் கவிழ்ந்தது. கவிழ்ந்த வள்ளத்தின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு கிடந்த இருவர் மீட்கப்பட்டனர். கரை அண்மையில் இருக்கும் என்று நம்பி நீந்திச் சென்ற இருவர் மீளவில்லை. வீடு திரும்பிய மாமன் பலநாள் எவருடனும் பேசவில்லை. பேசத் தொடங்கிய பின்னர் ஒருநாள் என்னை நோக்கி, "வள்ளம் மிதக்கும் மட்டும் வள்ளத்தை விடக்கூடாது, மக்களே" என்றார். வேறொன்றும் கூறினாரல்லர். ஒரு கலம் எதனால் மூழ்குகின்றது, எதனால் மிதக்கின்றது, மனிதனை எதுவரை காக்கும் என்னும் வினாக்கள் அன்று என்னுள் புகுந்தன. அவை இன்றளவும் அகலவில்லை.

கல்லூரியிற் சேர்ந்து பழந்தமிழ் நூல்களைப் பயிலத் தொடங்கியபோது, கலம், நாவாய், வங்கம், தோணி, திமில், பஃறி, அம்பி, ஓடம் எனக் கலத்தின் பெயர்கள் எத்தனையோ நம் மொழியில் உளவாதலைக் கண்டு மகிழ்ந்தேன். ஆயினும், அவை பெரும்பாலும் பெயர்களாகவே நின்றன. எதன் அடி எவ்வாறு அமைந்தது, எது எத்துணைச் சாய்வில் கவிழும் என்பன அவற்றால் விளங்கவில்லை. ஆதலின் கடலோடிகள் எழுதிய பயண நூல்களையும், கலம் அமைக்கும் கலையைப் பற்றிய நூல்களையும் விடுமுறை நாட்களில் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் என் வினாவிற்கு விடையாக அமைந்தவற்றையே கீழே தருகின்றேன்.

முதலில் அளவைப் பற்றி நோக்குவோம். 1965ஆம் ஆண்டில் ராபர்ட் மேன்ரி என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் 13½ அடி நீளமே உள்ள டிங்கர்பெல் என்னும் கலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே கடந்தார். மாசசூசெட்ஸ் மாகாணத்து ஃபால்மத்திலிருந்து இங்கிலாந்து நாட்டு ஃபால்மத்தை அடைய அவருக்கு 78 நாட்கள் ஆயின. வழியில் அலைகள் அவரைப் பலமுறை கடலில் எறிந்தன. கலத்தோடு பிணித்திருந்த கயிறே அவரை மீட்டுத் தந்தது. அதே ஆண்டில் ராபின் லீ கிரகாம் என்னும் பதினாறு வயது இளைஞர் 24 அடி நீளமுள்ள டவ் என்னும் கலத்தில் கலிபோர்னியாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டார். இருமுறை பாய்மரம் முறிந்தும் அவர் மனந்தளரவில்லை. பயணத்தின் இறுதிப் பகுதியில் 33 அடிக் கலத்திற்கு மாறி, 1970இல் ஊர் திரும்பினார். சிறுமை தன்னளவில் கேடன்று என்பதற்கு இவ்விருவரும் சான்று. ஆயினும், ஒருவர் கடந்தார் என்பதனாலேயே அக்கலம் கடத்தற்கு ஏற்றது என்று முடிவு செய்தல் பிழையாம். கிரகாம் இறுதியில் பெரிய கலத்திற்கு மாறியதும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கதே.

இனி, கலம் தானே செல்லும் இயல்பைப் பற்றிக் கூறுவேன். இவ்வியல்புக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஸ்ப்ரே என்னும் கலம். ஜோஷுவா ஸ்லோக்கம் என்னும் மீகாமருக்கு நண்பர் ஒருவர் 1892இல் இக்கலத்தை இலவசமாக அளித்தார். அளித்தபோது அது ஃபேர்ஹேவன் என்னும் ஊரில் வயல் ஒன்றில் சிதைந்து கிடந்த பழைய சிப்பிப்படகு. ஸ்லோக்கம் அதனை 13 மாதம் உழைத்துத் தம் கையாலேயே புதுக்கினார். அதற்கு அவர் செலவிட்ட பொருள் 553 டாலரும் 62 செண்டும். 36 அடி 9 அங்குல நீளமும் 14 அடி 2 அங்குல அகலமும் உடைய அக்கலத்தில் 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டன் நகரிலிருந்து புறப்பட்டார். 46,000 மைல் தூரம் ஓடி, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் துறையை அடைந்தார். தனி ஒருவராய் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே.

அப்பயணத்தில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள வியாழக்கிழமைத் தீவிலிருந்து நம் இந்துமாக்கடலில் உள்ள கோக்கோஸ் தீவுகள் வரை ஏறக்குறைய 2,700 மைல் தூரத்தை அவர் 23 நாட்களில் கடந்தார். அந்நாட்களில் அவர் சுக்கானைப் பற்றியிருந்த நேரம் எல்லாம் சேர்ந்து மூன்று மணியளவே. எஞ்சிய நேரமெல்லாம் கலம் தானே நெறி தவறாது சென்றது. அவர் சமைத்தார், படித்தார், உறங்கினார்.

இஃது எவ்வாறு இயன்றது? கலத்தின் அடியில் அணியத்திலிருந்து அமரம் வரை ஓடும் முதுகெலும்பு போன்ற மரத்தை ஏரா என்பர். அவ்வேரா நீண்டு ஆழ்ந்து இருக்குமாயின், கலம் எளிதில் திசை மாறாது. பாய்களை அளவறிந்து விரித்தால், காற்று கலத்தைத் தள்ளும் இடமும் நீர் அதனைத் தடுக்கும் இடமும் ஒன்றற்கொன்று ஒத்து நிற்கும். அப்பொழுது சுக்கானைப் பிடிக்க ஆள் வேண்டுவதில்லை. இக்காலப் பந்தயக் கலங்களில் ஏரா குறுகி, மீனின் துடுப்புப் போல் கீழ்நோக்கி இறங்கும். அவை விரைவாகத் திரும்பும்; காற்றை எதிர்த்து நன்கு ஏறும். ஆயினும் செலுத்துவோன் இமைப்பொழுதும் ஓயாதிருத்தல் வேண்டும். பத்துப்பேர் முறைவைத்துச் செலுத்தும் கலத்திற்கு இது தகும். ஒருவனே செல்லும் கலத்திற்குக் காற்றின் திசையறிந்து தானே சுக்கானைத் திருப்பும் தகட்டுக் கருவி இன்றியமையாதது. அக்கருவியும் உடையக்கூடும். உடைந்த நாளில் கலத்தின் உள்ளியல்பே துணையாம்.

அடுத்து வருவது கவிழ்தலும் நிமிர்தலும். குழந்தைகள் விளையாடும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எவ்வளவு சாய்த்தாலும் அது எழுந்து நிற்கின்றது. அதன் பாரம் அடியில் உள்ளமையே காரணம். பாய்க்கலத்திற்கும் அவ்வாறே ஏராவில் ஈயமோ இரும்போ அடிப்பாரமாகப் பொருத்தப்படுகின்றது. கலத்தைச் சாய்த்துக்கொண்டே போனால் ஓர் எல்லை வரை அது நிமிரவே முயலும்; அவ்வெல்லையைக் கடந்தால் கவிழவே முயலும். பெருங்கடற் கலத்திற்கு அவ்வெல்லை ஏறக்குறைய 120 பாகையேனும் இருத்தல் நன்று என்பர். அஃதாவது, பாய்மரம் நீரில் படிந்து, அதற்குக் கீழும் இறங்கிய பின்னரும் கலம் மீண்டெழ வேண்டும்.

கடைத்தெருவில் நின்றபடியே கணக்கிடத்தக்க எளிய அளவுகோல் ஒன்றும் உண்டு. கலத்தின் எடையை இராத்தலில் எடுத்து 64ஆல் வகுத்தால், அது விலக்கும் கடல்நீரின் கன அளவு கன அடியில் கிடைக்கும். அதன் கனமூலத்தைக் கண்டு, கலத்தின் மிகுதியான அகலத்தை அடியில் எடுத்து அதனால் வகுத்தல் வேண்டும். வரும் ஈவு 2க்கு மேற்படலாகாது. ஏறக்குறைய 13,800 இராத்தல் எடையுள்ள கலம் 216 கன அடி நீரை விலக்கும். 216இன் கனமூலம் 6. கலத்தின் அகலம் 10 அடியாயின் ஈவு 1.67, ஏற்கத்தக்கது. அகலம் 13 அடியாயின் ஈவு 2.17; ஐயத்திற்குரியது. அகன்ற கலம் துறைமுகத்தில் அசையாது நின்று வீடு போல் இன்பம் தரும். ஆனால் அவ்வகன்ற கலமே தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டால், தலைகீழாகவும் அசையாது நின்றுவிடும். மேற்கூறிய ஸ்ப்ரேயும் அகன்ற கலமே. அதன் பாரமும் அடியிற் பொருத்தப்படாது உள்ளே வைக்கப்பட்டிருந்தது. முற்றிலும் கவிழ்ந்தால் நிமிரும் ஆற்றல் அதற்குக் குறைவு எனக் கலவியலார் கருதுவர். 1909இல் ஸ்லோக்கம் அதே கலத்தில் மீண்டும் கடலேறினார். அவரையும் அக்கலத்தையும் பின்னர் எவரும் கண்டிலர். உற்றது யாதென அறிவார் இல்லை. ஆயினும், ஒரு கலத்தின் சிறந்த குணம் அதன் குறையை மறைத்தல் கூடாது என்பதை இவ்வரலாற்றால் அறிகின்றோம்.

இவ்வளவுகோல் பிறந்ததே பேரிழப்பு ஒன்றன் பின்னர்தான். 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் தென்கோடியில் உள்ள ஃபாஸ்ட்நெட் பாறை வரை சென்று மீளும் பாய்க்கலப் பந்தயத்தில் 303 கலங்கள் புறப்பட்டன. 13ஆம் நாள் இரவு பெரும்புயல் வீசியது. பந்தயத்திற் சென்ற 15 பேர் மாண்டனர். 24 கலங்கள் கைவிடப்பட்டன. ஆனால் அவற்றுள் 5 மட்டுமே மூழ்கின. 19 கலங்கள் ஆளின்றி மிதந்தபடியே பின்னர்க் கண்டெடுக்கப்பட்டன. கலத்தை விட்டு உயிர்காப்புத் தெப்பத்தில் இறங்கியவருள் உயிர் துறந்தோரும் உளர். அவர் விட்டுச் சென்ற கலங்களோ கரை சேர்ந்தன. இதனைப் படித்த இரவு என் மாமன் கூறிய சொல் என் செவியில் மீண்டும் ஒலித்தது. அவர் ஃபாஸ்ட்நெட் என்னும் பெயரைக் கேட்டறியார். ஆயினும், அங்கே அறிஞர் பலர் கூடி ஆராய்ந்து கண்ட முடிவை அவர் கவிழ்ந்த வள்ளத்தின் மேல் கிடந்து கற்றிருந்தார்.

வேதாகமத்தை அறிந்தோர்க்கு இச்செய்தி புதிதன்று. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், பவுல் ஏறிச் சென்ற கப்பல் புயலில் அகப்படுகின்றது. அதில் இருந்தோர் 276 பேர். கப்பலாட்கள் சிலர் நங்கூரம் இடுவது போல் நடித்துச் சிறு படகில் ஏறித் தப்ப முயல்கின்றனர். அவர்கள் கப்பலில் நில்லாவிடில் ஏனையோர் பிழைத்தல் அரிது என்று பவுல் எச்சரிக்கின்றார். போர்ச்சேவகர் அச்சிறு படகின் கயிற்றை அறுத்துவிடுகின்றனர். முடிவில் கப்பல் தரைதட்டி உடைகின்றது. அப்பொழுதுதான் அவர்கள் நீந்தியும் பலகைகளைப் பற்றியும் மெலித்தா தீவில் கரையேறுகின்றனர். உயிர் ஒன்றேனும் இழக்கப்படவில்லை. கலம் உடையும்வரை கலத்தில் இருத்தல் வேண்டும். உடைந்த பின்னர் அதன் பலகையேனும் பற்றப்படல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். ஆகவே, கலம் தெரிந்தெடுப்பவன், கைவிட நேராத கலத்தையே தேடுதல் வேண்டும்.

இவ்விடத்தில் நம் கட்டுமரத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். நம் மொழியிலிருந்து ஆங்கிலம் முதலிய மொழிகளிற் சென்று, இரட்டை உடற்கலத்தின் பெயராக இன்று உலகெங்கும் வழங்குவது கட்டுமரம் என்னும் அச்சொல்லே. நம் கட்டுமரமோ மரங்களைப் பிணித்துக் கட்டியது; உட்குழிவு அற்றதாகலின் நீர் நிரம்பி மூழ்குவதில்லை. மேனாட்டு இரட்டை உடற்கலமும் மூவுடற்கலமும் அடிப்பாரம் அற்றவை, இலேசானவை, மிக விரைவாகச் செல்பவை, அதிகம் சாய்வதும் இல்லை. ஆயினும், பெருந்திரையால் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்ந்தால் அவை தாமே நிமிரா. நன்கு கட்டப்பட்டவை கவிழ்ந்தும் மிதக்கும் என்பது அவற்றின் சிறப்பு. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. எனினும் தனியே செல்வோன், நிமிரும் கலத்தை விரும்புதலே அமைவுடைத்து என்பது என் கருத்து.

பாரம் ஏற்றும் கணக்கும் மறக்கற்பாலதன்று. கேனரித் தீவுகளிலிருந்து மேற்கிந்தியத் தீவுகள் வரை ஏறக்குறைய 2,700 கடல் மைல். சிறு கலம் நாளொன்றுக்கு 100 மைல் செல்லுமாயின் 27 நாட்கள் ஆகும். காற்று ஓயலாம், பாய்மரம் முறியலாம் என்று கருதி 40 நாட்களுக்கு உணவும் நீரும் கொள்ளல் வேண்டும். இருவர் செல்வராயின், ஆளொன்றுக்கு நாள்தோறும் 3 லிட்டர் வீதம் 240 லிட்டர் நீர் வேண்டும். நீர் மட்டுமே 240 கிலோகிராம் ஆயிற்று. உணவு, நங்கூரங்கள், சங்கிலி, மாற்றுப் பாய்கள், கருவிகள் ஆகியவை இதற்கு மேல். இலேசாகக் கட்டப்பட்ட சிறு கலத்தில் இவற்றை ஏற்றினால் அது நீரில் அமிழ்ந்து, தனக்குப் பெருமை தந்த விரைவை இழந்துவிடும். விரைவிற்கும் எல்லை உண்டு. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள பாரக்கலம் மணிக்கு ஏறக்குறைய 6.7 கடல் மைலுக்கு மேல் எளிதிற் செல்லாது. ஆதலின் விரைவை நாடிச் சிறு கலம் வாங்குவோன் தன்னையே ஏமாற்றிக்கொள்கின்றான். சுமக்கும் ஆற்றலையே அவன் நாடுதல் வேண்டும்.

இனிப் பொருளும் கட்டுமானமும். மரக்கலம் அழகியது, பழுதுபார்க்க எளியது, ஆயினும் ஓயாத கவனிப்பை வேண்டுவது. எஃகு அடி தாங்கும். துரு அதன் பகை. 1960களிலிருந்து பெருவழக்காகிய கண்ணாடி இழைக் கலங்கள் மலிவாகவும் வலிவாகவும் உள்ளன. எனினும் பழைய கலமாயின், மேற்றளத்தின் உள்ளே நீர் கசிந்து மட்கியுளதா என்று தட்டிப் பார்த்தல் வேண்டும். ஏராவைப் பிணிக்கும் திருகாணிகள், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், அக்கம்பிகள் உடலோடு சேரும் தகடுகள், சுக்கானின் பிணைப்புகள் ஆகிய இவற்றைத் தேர்ந்தவர் ஒருவரைக் கொண்டு ஆராய்தல் வேண்டும். செலுத்துவோன் அமரும் குழி சிறிதாயும், புகுந்த நீர் விரைந்து வடிவதாயும் இருத்தல் நன்று. கதவுகளும் சாளரங்களும் சிறியனவாய், அலையின் அறைக்கு அஞ்சாதனவாய் இருத்தல் வேண்டும். வாங்கும் நாளில் கண்ணைக் கவரும் மெத்தையும் விளக்கும் இவற்றுள் ஒன்றுக்கும் ஈடாகா.

மேற்கூறிய இலக்கணங்களுக்கு இலக்கியமாக அமைந்தது 1968ஆம் ஆண்டில் லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகை நடத்திய பந்தயம். தனியே, எத்துறையிலும் நில்லாது, உலகைச் சுற்றி வருதல் வேண்டும். முதலில் மீள்பவர்க்குப் பொற்கோளம்; குறைந்த நாட்களில் முடிப்பவர்க்கு 5,000 பவுன். புறப்பட்டவர் ஒன்பதின்மர், முடித்தவர் ஒருவரே.

அவ்வொருவர் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் என்னும் இருபத்தொன்பது வயது மீகாமர். அவருடைய கலம் சுஹைலி; நீளம் 32 அடி. அது 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் பம்பாயில், இந்தியத் தச்சரால், தேக்குமரத்தால், பெரும்பாலும் கைக்கருவிகளைக் கொண்டே கட்டப்பட்டது. அதன் வடிவம் வில்லியம் அட்கின் என்னும் அமெரிக்கர் வரைந்தது. அவ்வடிவத்தின் மூலமோ, நார்வே நாட்டுக் கடலில் மீனவரைக் காக்கும்பொருட்டுக் காலின் ஆர்ச்சர் அமைத்த மீட்புக் கலங்கள். மீனவர் உயிரைக் காக்கப் பிறந்த வடிவம் என்பது என் நெஞ்சை நெகிழ்வித்தது. சுஹைலி என்னும் பெயர் பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கீழ்க் காற்றின் பெயரால் இடப்பட்டது. சுஹைல் என்பது அராபியர் ஒரு விண்மீனுக்கு வழங்கும் பெயருமாம்; அம்மீனை நாம் அகத்தியம் என்போம். தமிழ் மாணவனுக்கு இதனினும் இனிய செய்தி வேறு யாது?

பந்தயத்திற்கெனப் பெரிய எஃகுக் கலம் ஒன்று கட்டவே அவர் முதலில் விரும்பினார். பொருள் கிட்டாமையால் கையிலிருந்த சுஹைலியே போதும் என்று துணிந்தார். 1968 ஜூன் 14 அன்று ஃபால்மத்திலிருந்து புறப்பட்டார். வழியில் ஏராவின் அருகே நீர் கசிந்தது. கடலுள் மூழ்கி அதனை அடைத்தார். தென்கடலில் அலை அறைந்து மேலறையை அசைத்தது. குடிநீர் கெட்டது. வானொலி ஓய்ந்தது. ஆஸ்திரேலியாவை அணுகியபோது, தானே சுக்கான் திருப்பும் கருவியும் முற்றிலும் உடைந்தது. பாதி உலகம் இன்னும் எஞ்சியிருந்தது. அதன் பின்னர் அவரைக் காத்தது கலத்தின் உள்ளியல்பே. பாய்களை ஒத்து அமைத்து, சுக்கானைக் கட்டிவிட்டு, அவர் உறங்கினார். கலம் தன் வழியே சென்றது. 312 நாட்கள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத்தை அடைந்தார். ஏறக்குறைய 30,000 கடல் மைலை அந்நாட்களால் வகுத்தால் மணிக்கு 4 மைல். விரைந்து நடப்பவனின் வேகத்தினும் சிறிதே மிகுதி.

அதே பந்தயத்தில் டொனால்டு க்ரோஹர்ஸ்ட் என்பவர் மூவுடற்கலம் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். அதன் விரைவே அவரைக் கவர்ந்தது. கவிழ்ந்தால் நிமிரும்பொருட்டுப் பாய்மரத்தின் உச்சியில் காற்றுப்பை ஒன்றும், அதனை இயக்கும் மின்கருவியும் அமைக்கத் திட்டமிட்டார். அக்கருவி முற்றுப்பெறவே இல்லை. கலத்தைச் சோதிக்க நாள் போதவில்லை. பொருளுதவி செய்தவரோடு செய்துகொண்ட உடன்படிக்கையோ, பின்வாங்கினால் பெருநட்டம் நேரும்படி அமைந்திருந்தது. புறப்பட அனுமதிக்கப்பட்ட கடைசி நாளாகிய 1968 அக்டோபர் 31 அன்று அவர் புறப்பட்டார். கலம் ஒழுகியது; தென்கடலை அது தாங்காது என்று உணர்ந்தார்; திரும்பவும் துணியவில்லை. அட்லாண்டிக்கிலேயே திரிந்துகொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்ச் செய்தி அனுப்பினார். 1969 ஜூலை 10 அன்று அக்கலம் ஆளின்றி மிதக்கக் கண்டனர். அவர் உடல் கிடைக்கவில்லை. அவருடைய பொய்ச் செய்தியை மெய்யென நம்பி, தம் மூவுடற்கலத்தை விரைந்து செலுத்திய நைஜல் டெட்லியின் கலமும் மே மாதத்தில் உடைந்து மூழ்கியது. அவர் மட்டும் மீட்கப்பட்டார்.

க்ரோஹர்ஸ்டை இகழ எனக்கு மனம் வரவில்லை. அவர் அறிவிற் சிறந்தவர்; மனைவி மக்கள்மேல் அன்பு மிக்கவர். சுஹைலியின் குறைகளை நாக்ஸ் ஜான்ஸ்டன் பல ஆண்டு பழகி அறிந்திருந்தார்; பம்பாயிலிருந்து இங்கிலாந்து வரை அதிலேயே வந்தவர் அவர். க்ரோஹர்ஸ்ட் ஏறியதோ தாம் அறியாத கலம். அறிந்த குறைக்கு மருந்து உண்டு. அறியாத சிறப்பை நம்பிச் செல்வோர்க்கு நடுக்கடலில் யார் துணை?

தற்காலத்திலும் இவ்வுண்மை மெய்ப்பிக்கப்பட்டது. அப்பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக 2018இல் பழைய முறையிலேயே பந்தயம் ஒன்று நடைபெற்றது. நீண்ட ஏராவும் அதன் பின்புறத்தே பொருந்திய சுக்கானும் உடைய, 32 முதல் 36 அடி வரை நீளமுள்ள பழைய வடிவக் கலங்களுக்கே அதில் இடம். நம் கடற்படையினராகிய அபிலாஷ் டோமி, சுஹைலியின் படியாகக் கோவாவில் கட்டப்பட்ட துரீயா என்னும் கலத்தில் சென்றார். செப்டம்பர் 21 அன்று தென் இந்துமாக்கடலில் புயல் அதனைப் புரட்டியது. பாய்மரங்கள் முறிந்தன, அவர் முதுகெலும்பு ஒடிந்தது, எழுந்து நிற்கவும் இயலாதவரானார். மூன்று நாள் சென்று, 24ஆம் நாளில் ஒஸிரிஸ் என்னும் பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அம்மூன்று நாளும் அவர் செய்யக்கூடியது ஏதும் இல்லை. செய்ய வேண்டியதைக் கலம் செய்தது. நிமிர்ந்தது, மிதந்தது, அவரை ஏந்தியிருந்தது. அவர் மீண்டும் 2022இல் அதே பந்தயத்திற்குச் சென்று, 2023 ஏப்ரலில் இரண்டாமவராய் முடித்தார். முதலில் வந்தவர் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்னும் தென்னாப்பிரிக்கப் பெண்மணி.

எனவே, என்னை ஒருவர் எக்கலத்தைத் தெரிந்தெடுப்பாய் எனக் கேட்பின் இவ்வாறு விடை கூறுவேன்: முப்பது அடிக்குச் சற்று மேற்பட்ட நீளம், மிதமான அகலம், நீண்ட ஏராவும் அதன் பின் காக்கப்பட்ட சுக்கானும், அடியிற் பொருந்திய பாரம், சிறிய கதவுகள், புதுமையினும் உறுதி. கையிலுள்ள பொருள் முழுவதையும் கலத்தின் விலைக்கே கொடாமல், ஒரு பங்கைக் கம்பிக்கும் பாய்க்கும் நங்கூரத்திற்கும் வைத்துக்கொள்வேன். பெருங்கடலை நோக்குமுன் அக்கலத்தில் ஒரு பருவமேனும் கரையோரம் ஓடி, அது எங்கே ஒழுகும், எங்கே முனகும் என்பதை அறிந்துகொள்வேன்.

நாக்ஸ் ஜான்ஸ்டன் ஒருவரே பந்தயத்தை முடித்தாராதலின் 5,000 பவுன் பரிசும் அவருக்கே உரியதாயிற்று. அதனை அவர் க்ரோஹர்ஸ்டின் மனைவி மக்களுக்கு அளித்துவிட்டார். ஐம்பது ஆண்டு கழித்து, 2019 ஏப்ரல் 22 அன்று, அதே சுஹைலியில் அதே துறைக்குள் மீண்டும் புகுந்தார்.

கல்லூரித் துறையை விட்டு ஓரிரு ஆண்டுகளில் நாமும் வெளிச்செல்வோம். எத்தொழிலை மேற்கொள்வது, எவரை நண்பராகக் கொள்வது, எக்கொள்கையைப் பற்றி நிற்பது எனத் தெரிந்தெடுக்க வேண்டியவை பல நம் முன் வரும். பெரிதா, விரைந்ததா, பிறர் புகழ்வதா என்னும் வினாக்கள் தாமே வந்து நிற்கும். அவற்றைக் கற்பிப்பார் வேண்டுவதில்லை. நம் வலிமை ஒழிந்த நாளில் இது நம்மைத் தாங்குமா என்னும் வினாவை மட்டும் நாமே முயன்று கேட்டல் வேண்டும். அதனைக் கரையில் நிற்கும்போதே கேட்டல் நன்று.